பாயிண்ட்டில் ஒட்டிய பஞ்சு

கருப்புத் துணிக்குள் தலையை விட்டால் முதலில் மூக்கில் ஏறுவது பெட்ரோல் வாசம். அதற்குப் பின்னால் வெயிலில் காய்ந்த இரும்பு, பழைய எண்ணெய், கடைசியாக அந்தத் துணிக்கே உரிய சாய வாசம். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று கம்பெனியில் கழித்துப்போட்ட "கட் பீஸ்" அது, வேர்வை பட்டால் நெற்றியெல்லாம் கருப்பு இறங்கும். அந்த இருட்டுக்குள், என்ஜின் தலைமேல் படுக்கவைத்திருக்கும் ஸ்பார்க் பிளக்கின் நுனியைக் கண் இமைக்காமல் பார்த்தபடி நான் குந்தியிருப்பேன். வெளியே அப்பா வண்டியின் கிக்கரை உதைப்பார். நுனியில் ஒரு சிவந்த நூல் தெரிந்து, தெரிந்ததா என்று யோசிப்பதற்குள் போய்விடும்.

"என்ன கலரு?" என்பார் அப்பா.

"சிவப்புப்பா."

"சரி."

அந்த மே மாதம் முழுவதும் எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு கிட்டத்தட்ட இவ்வளவுதான். பொறி நீலமாக வரவேண்டும். நீலமாக வந்தால்தான் அதற்குப் பலம் உண்டு, வண்டி கிளம்பும். சிவப்பாக வந்தால் பெட்ரோலைப் பற்றவைக்க அதற்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம். வெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது என்பதால்தான் கருப்புத் துணி, உதைக்கிறவரால் குனிந்து பார்க்க முடியாது என்பதால்தான் நான்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பன்னிரண்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அருள்புரத்தில் ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு "லைன் வீட்டில்" குடியிருந்தோம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். அம்மா அதே கம்பெனியில் "செக்கிங்", தைத்து வரும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை கண்டுபிடிக்கிற வேலை. மார்ச்சில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது, பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள். அழுதேனா என்று எனக்கு ஞாபகமில்லை. கம்பெனி அக்காக்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்களுடைய சேலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பசித்தது, சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்கு ஏதோ கோளாறு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மாதா கோயிலில் வைத்த முப்பதாம் நாள் பூசைக்கு ஊரிலிருந்து அப்பாவின் அக்கா வந்தாள். அத்தை வாய் திறந்தால் வீட்டில் வேறு சத்தம் கேட்காது. பூசை முடிந்து, வந்தவர்களெல்லாம் காபி குடித்துப் போனபிறகு, என்னை வைத்துக்கொண்டே அப்பாவிடம் ஆரம்பித்தாள். "ஏல, ஆத்தா செத்தா அப்பன் சித்தப்பன்னு சும்மாவா சொன்னாவ? நீ ஷிப்டு ஷிப்டுன்னு ஓடிட்டு இருப்ப. வயசுக்கு வரப்போற பிள்ளைய இந்தப் பொட்டி வீட்டுல ஒத்தையில வச்சிட்டுப் போவியோ? தாராபுரத்துல சிஸ்டர்மாருட்ட கேட்டாச்சு. போர்டிங்ல சேத்திரு." அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் போக விருப்பம் இல்லை. இதை இன்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். அன்று அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? அப்பாவுக்கு நான் பாரம், இறக்கிவைக்க இடம் கிடைத்துவிட்டது, அதுதான் அந்தச் "சரி" என்று எனக்குள் எழுதி ஒட்டிவிட்டேன்.

அத்தை ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டியோடு என்னை எப்படிக் கொண்டுபோய் விடப்போகிறாய் என்று கேட்டாள். அப்போதுதான் அப்பா அந்த விஷயத்தைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசினார். "வண்டியிலயே கொண்டு விடுதேன்க்கா. பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறுனா பிள்ளைய அனுப்புத மாதிரி இருக்கும்."

வண்டி என்று அவர் சொன்னது அப்போது ஓடாத வண்டி. வீட்டுக்கார அக்காவின் மாமனார் அந்தக் காலத்தில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓட்டிய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது, கிக்கரும் கியரும் ஒரே கம்பி, இரண்டு பக்கமும் சைலன்சர். தோட்டம் தறி ஷெட்டாகி, ஷெட் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டாகி, அதற்குப் பிறகும் அது ஒரு மூலையில் கோழி அடைய நின்றுகொண்டிருந்தது. "ஏனுங்கண்ணா, சும்மா துருப்புடிச்சுட்டுக் கெடக்குதுங்க, நீங்க ஓட்டறதானா எடுத்துக்கோங்க" என்று அக்கா கொடுத்துவிட்டார். அம்மா உயிரோடு இருந்தபோதே அப்பா அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு தினமும் அதுதான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், சாயங்காலம் வந்ததும் இருட்டும் வரை.

அப்பாவை லேசுப்பட்ட மெக்கானிக் என்று நினைத்துவிடக் கூடாது. ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்வார் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெருமைதான் காலை வாரியது. ஒரு வண்டி என்ன பெரிய வண்டி, நாம் பார்க்காத இரும்பா என்று வேறு யாரிடமும் காட்டவில்லை. பிளக்கை மாற்றினார், சிவப்பு. பேட்டரியைக் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தார், சிவப்பு. கண்டன்சர் என்று சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சாமான், அதையும் மாற்றினார். சாயங்காலம் நீலமாக வந்த மாதிரி இருந்தது, மறுநாள் காலையில் மறுபடியும் சிவப்பு. பொறி சரியாகாமல் உதைத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் ஏறிப் பிளக் நனைந்துவிடும் என்பதால், நீலம் வந்தால்தான் பிளக்கைத் திருப்பிப் பூட்டுவது என்பது அவர் வைத்திருந்த சட்டம். ஆகவே வண்டி கிளம்புமா கிளம்பாதா என்ற கட்டத்துக்கே நாங்கள் போகவில்லை. அவர் எத்தனை உதைத்தாலும் எல்லாம் என் வாயிலிருந்து வருகிற ஒரு கலரில் வந்து நின்றது.

வீட்டுக்கார அக்கா தண்ணீர்க் குழாய்க்கு வரும்போதெல்லாம் நின்று பார்ப்பார். "ஏங்கண்ணு, அப்பனும் புள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் அதற்கும் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து, "சோறாச்சும் உண்டீங்களா சாமி" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இப்போது "பனியன் வேஸ்ட்" பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தலை வாரச் சீப்பு இல்லாத வீடு இருக்கும், பனியன் வேஸ்ட் இல்லாத வீடு இருக்காது. கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணிகள் மூட்டை மூட்டையாக வரும். அடுப்புத் துடைக்க, தரை துடைக்க, தலையணையில் அடைக்க, சளி பிடித்த பிள்ளையின் மூக்கைச் சிந்த, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் ஒரு படி மேலே. அப்பா ராத்திரி கொண்டுவரும் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், மெஷின் உதிரிகள் எல்லாவற்றையும் அம்மா வேஸ்ட்டில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பாள். "துடைச்சு வைக்காத வேலை அரை வேலை" என்பது அவள் வேதம். அவள் போனபிறகு அந்த வேலையை நான் செய்தேன். யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பா வண்டியின் வலப்பக்க மூடியைத் திறந்துபோட்டு ஏதோ சரிசெய்துவிட்டுக் குளிக்கப் போவார். நான் எண்ணெய்த் துணியை எடுத்து, உள்ளே கைபோகிற இடமெல்லாம், அம்மா துடைக்கிற மாதிரியே, துடைத்து மூடியை மாட்டி இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கிவைப்பேன். அந்த நாட்களில் நான் மனசு வைத்துச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, முதல் வாரத்துக்குள் பிள்ளை வராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சிஸ்டர் கம்பெனி போனுக்குச் சொல்லி அனுப்பினார். அப்பா தோல்வியை ஒப்புக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பல்லடம் ரோட்டில் இருந்த ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனோம். பழைய வண்டிகள் பார்க்கிற அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார், வெற்றிலை போட்ட வாயோடு வலப்பக்க மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, பனியன் கம்பெனியைத் தூக்கி இதுக்குள்ளயே வெச்சுட்டீங்களா?"

உள்ளே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், "பாயிண்ட்" என்பார்கள், என்ஜின் சுற்றச் சுற்ற ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். விலகுகிற ஒவ்வொரு முறையும் பிளக்கில் பொறி அடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து அவர் இடுக்கியால் இழுத்தது எண்ணெயில் ஊறிய பஞ்சு. பனியன் துணியின் பிசிறு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. "தையல் மெஷினுக்கு எண்ணெய் உட்டா ஆயுசுங்க. பாயிண்ட்டுல எண்ணெய் பட்டா சாவுங்க. இதுல துணியே படக்கூடாது. யாருங்க இதைத் தொடச்சது?"

ஒரு மாதமாக அப்பா சரிசெய்ததையெல்லாம் அன்றன்றைக்குக் கெடுத்தது நான்தான்.

"நான்தான் தொடச்சேன்" என்றார் அப்பா.

அந்த அண்ணன் பனியனில் தொங்கவிடுகிற விலை அட்டை ஒன்றை மேஜையிலிருந்து எடுத்து, பாயிண்ட்டுகளுக்கு நடுவில் விட்டு, மெதுவாக இழுத்தார். அட்டையில் கருப்புக் கோடு விழுந்தது. இன்னொரு அட்டை, கோடு இல்லை. பிளக்கை என்ஜின் தலைமேல் வைத்து உதைத்தார். துணி போர்த்தாமலே தெரிந்தது, நீலம். "சட்" என்று சத்தம் வேறு. பிளக்கைப் பூட்டி உதைத்த இரண்டாவது உதையில் வண்டி எழுந்து புகை கக்கிற்று.

திரும்பும்போது அப்பாவின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய், ஆனால் ஏதோ கொஞ்சம் இருந்தது. தொடையெல்லாம் அதிர்ந்தது. அப்பாவின் இடுப்புச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ரயில்வே கேட்டோ சிக்னலோ எதுவும் இல்லாத அந்த ரோட்டில் வீடு ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்துமுன் தலையைத் திருப்பி, "புதன்கிழமை போயிருவோம்" என்றார்.

திங்கள் சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் நான் மூடியைத் திறந்தேன். வேஸ்ட்டில் எண்ணெய் விட்டேன். இந்தத் தடவை எங்கே துடைக்க வேண்டும் என்று தெரிந்தே துடைத்தேன். செவ்வாய்க்கிழமையும் துடைத்தேன். பயமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை, பாத்திரம் கழுவுகிற மாதிரிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை தாண்டினால் இடம் போய்விடும், அவ்வளவுதான் என் கணக்கு.

புதன் காலை அப்பா லீவு போட்டிருந்தார். என் தகரப் பெட்டியை வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். நான் அம்மா எடுத்துக்கொடுத்த பச்சைப் பாவாடையில் நின்றேன். உதைத்தார், கிளம்பவில்லை. இன்னும் நாலு உதை. நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்தார். திறந்தவர் வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து விலை அட்டையை எடுத்துப் பாயிண்ட்டில் விட்டு இழுத்தார், இன்னொன்றை எடுத்து இழுத்தார். பிளக்கைக் கழற்றி என்ஜின் தலைமேல் வைத்தார். நான் வழக்கம்போலக் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்தேன்.

உதைத்தார். நீலம். அத்தனை நாளும் அந்தத் துணிக்குள் நான் பார்க்காத மாதிரி, கண் கூசுகிற நீலம்.

"என்ன கலரு?"

"சிவப்புப்பா."

மறுபடி உதைத்தார். "இப்ப?"

"சிவப்பு."

துணிக்குள் எனக்கு மூச்சு முட்டியது, வெளியே வரத் தைரியம் இல்லை. மூன்றாவது முறை உதைத்தார். "நல்லாப் பாத்துச் சொல்லு பாப்பா. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

"சிவப்புதாம்பா."

அவர் செருப்பைத் தரையில் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு பிளக்கைப் பூட்டினார், மூடியை மாட்டினார், சோப்புத் தூள் போட்டுக் கை கழுவினார். பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "வா, பஸ்ஸுக்குப் போவோம்" என்றார். வீட்டுக்கார அக்கா வாசலுக்கு ஓடிவந்து என் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்து, "அழுவாத போயிட்டு வா கண்ணு" என்றார். நான் அழவே இல்லை.

பல்லடத்தில் பஸ் மாறி தாராபுரம் போனோம். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு அப்பா நின்றுகொண்டே வந்தார், உட்கார இடம் காலியான பிறகும் நின்றார். போர்டிங்கில் சிஸ்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் விரல் இடுக்குகளில் எண்ணெய்க் கருப்பு போகாமல் இருந்தது, தாளிலும் அது ஒட்டியது. "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். நானும் நின்றேன். அப்புறம் மணி அடித்தார்கள், நான் உள்ளே போனேன். அங்கே ஐந்து வருடம் இருந்தேன்.

காலாண்டு லீவுக்கு வந்தபோது வண்டி வாசலில் இல்லை. அக்காவின் ஷெட்டுக்கே திரும்பிப் போயிருந்தது. அதன் மேல் கோழி அடைந்திருந்தது. அப்பாவிடம் நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. ஒர்க் ஷாப் இருந்த இடத்தை நானே இரண்டு முறை தாண்டிப் போயும் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டிகளில் பாயிண்ட் என்ற சாமானே இப்போது கிடையாது, எல்லாம் மூடிய பெட்டிக்குள் தானாக நடக்கிறது, துடைத்துக் கெடுக்க யாருக்கும் வழியில்லை. நான் ஒரு கம்பெனியில் "குவாலிட்டி" பார்க்கிறேன், அம்மா பார்த்த அதே வேலைதான், பெயர்தான் பெரிசு. அப்பா ஊரில் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். முப்பது வருட மெஷின் இரைச்சலில் காது போய்விட்டது. கத்தினால் கேட்கும், காதில் மாட்டுகிற மெஷினை வேண்டாம் என்று கழற்றி வைத்துவிடுவார்.

போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, மத்தியான வேளை, இருவரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என்னமோ தோன்றியது. "அப்பா, தாராபுரம் போன அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பொறி நல்லாத்தான் இருந்துச்சு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தது.

"தெரியுமே" என்றார். "நல்ல பொறின்னா சட்டுன்னு அடிக்கும். வெளிய நிக்கவனுக்குக் கேக்கும்லா."

"தெரிஞ்சுமா கொண்டுபோய் விட்டீங்க?"

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டார். "போமாட்டேன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். மூணு தடவ கேட்டேன். நீ சிவப்பு, சிவப்புன்னே சொன்ன. சரி, பிள்ளைக்கு என்கூட வண்டியில வரக்கூட இஷ்டமில்ல போலன்னு நெனச்சிட்டேன்."

அம்மா செத்தபோது வராத அழுகை எல்லாம் அப்போதுதான் வரப்பார்த்தது. "போகாதேன்னு நீங்க சொல்லுவீங்கன்னு நான் பாத்துட்டு இருந்தேன்பா" என்றேன். குரல் எழும்பவில்லை.

"என்ன?" என்றார், உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

அவர் முகத்தைப் பார்த்தேன். எழுபது வயது முகம், பதிலுக்குக் காத்திருந்தது. உள்ளேயிருந்து அத்தை மீன்குழம்பு ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லப்பா, சாப்பிட வாங்க" என்று கத்திச் சொன்னேன். "சரி" என்று எழுந்தார்.